ஆற்றங்கரைக் கோட்டையும் கொல்லைப் பதுங்குகுழியும்

குழந்தாய்,

ஆசீர்வாதம் உனக்கு என்றும் உண்டு. அதை எழுதி இந்தக் காகிதப் பஞ்சத்தில் இடத்தைச் செலவழிக்கப் போவதில்லை. பொன்மலையில் ரயில்வேக்காரர்கள் உனக்குக் கொடுத்திருக்கும் வீட்டுக்கும், ஸ்ரீரங்கத்தில் நம் வீட்டுக்கும் நடுவே இருப்பது ஒரு பஸ்ஸும் காவேரிப் பாலமும்தான். ஞாயிறுதோறும் நீயே வருகிறாய். அப்படியிருக்க எதற்குக் கடிதம் என்று கேட்பாய். நான் ஒரு வாக்கியத்தை ஆரம்பித்தால் நீ அதில் பாதி வழியில் ஏறிக்கொண்டு, உனக்கு வேண்டிய இடத்தில் இறங்கிவிடுகிறாய். கடிதத்தில் அது சாத்தியமில்லை. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இதன் நகலை ஒரு மாதப் பத்திரிகைக்கும் அனுப்பப் போகிறேன். அதில் யாருடைய நிஜப் பெயரும் இராது. யுத்த பயத்தில் தத்தம் வீட்டுப் பெண்களுக்கு மதில் எழுப்பிக்கொண்டிருக்கும் பிள்ளைகள் இந்த வருஷம் ஜில்லா முழுவதும் இருக்கிறார்கள். அவர்களுடைய தாய்மார்களுக்கும் சொல்ல விஷயம் இருக்கும். உட்கார்ந்து எழுதத்தான் பொழுது இராது. எனக்குப் பொழுது இருக்கிறது.

விஷயம் உனக்குத் தெரிந்ததுதான் என்றாலும், பத்திரிகையில் படிப்பவர்களுக்காக முதலிலிருந்து சொல்கிறேன். பங்குனியில் சென்னைப் பட்டணமே மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பியது. ஜப்பான்காரன் துறைமுகத்தின்மேல் குண்டு போடப்போகிறான் என்று, ரயிலில் கூரையைத் தவிர மற்ற எல்லா இடத்திலும் மனிதர்கள் வந்தார்கள். அப்படி வந்தவர்களில் திருவல்லிக்கேணியிலிருந்து ஒரு குடும்பம் உத்திர வீதியில் உறவினர் வீட்டில் வந்து இறங்கியது. அந்த வீட்டுப் பெண் பத்மா. பி.ஏ. வகுப்பில் கணிதம் படிக்கிறாள். இன்னும் ஒரு வருஷம் பாக்கி. நம் வீட்டுக்குப் புஸ்தகம் வாங்கிப்போக வந்தாள். நீ பார்த்தாய். உன் அப்பா ஜாதகம் பார்த்தார். வைகாசியில் பேசி முடித்தோம். ஆடி கழிந்து ஆவணியில் கல்யாணம் என்றோம். இதுவரை யாருக்கும் ஆட்சேபம் இல்லை. எனக்கும் இல்லை. ஒழுங்கான பெண், வேண்டாத இடத்தில் சிரிப்பதில்லை.

போன ஞாயிற்றுக்கிழமைதான் கோளாறு. அவளுடைய காலேஜும் ஹாஸ்டலும் திறந்துவிட்டன என்று தகவல் வந்திருப்பதாக அவள் அப்பா நம் கூடத்தில் உட்கார்ந்து சொன்னார். நீ ஊஞ்சலில் இருந்தாய். அவரை முடிக்க விடாமல் நீ சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "பட்டணம் துறைமுகம் இருக்கிற ஊர் மாமா. குண்டு போட்டா அங்கேதான் போடுவான். கல்யாணத்துக்கு அப்புறம் பத்மா இங்கே அம்மாகிட்ட இருக்கட்டும். ஏழு மதிலுக்கு உள்ளே இருந்தா எனக்கும் நிம்மதி, உங்களுக்கும் நிம்மதி. பரீட்சை எங்கே ஓடிப்போறது, யுத்தம் முடியட்டும்." அவர் உடனே, "நீங்க சொன்னா சரிதான் மாப்பிள்ளை" என்றார். மாப்பிள்ளை சொன்னால் சரி என்று சொல்வதற்கு அவர் திருவல்லிக்கேணியிலிருந்தே பழகிக்கொண்டு வந்திருக்கிறார். உன் அப்பா விசிறியை மடியில் வைத்துக்கொண்டு விட்டத்தைப் பார்த்தார். நாற்பது வருஷம் கோர்ட்டில் வாதாடியவர், வீட்டில் வழக்கு வந்தால் வாய்தா வாங்கிக்கொள்வார். சமையலறையில் என்னோடு காப்பி ஆற்றிக்கொண்டிருந்த பத்மா இதையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். டவராவைக் கீழே வைத்தாள்.

மறுநாள் தனியாக வந்தாள். வாங்கிப்போன புஸ்தகங்களைத் திருப்பி வைத்தாள். "இதெல்லாம் இன்னும் படிச்சு முடிச்சிருக்க மாட்டியே" என்றேன்.

"முடிக்கலை மாமி. இனிமே எதுக்குன்னு இருக்கு."

"அவன் சொன்னது உனக்குப் பிடிக்கலையா?"

"பிடிச்சிருக்கா பிடிக்கலையான்னு எனக்கே தெரியலை மாமி. கேட்டிருந்தா யோசிச்சிருப்பேன். கேட்டிருந்தா சரின்னுகூடச் சொல்லியிருப்பேனோ என்னவோ. பட்டணத்துல எனக்கும் பயமாத்தான் இருக்கு. ஆனா கேக்கலையே."

"நீ வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமே, கூடத்துக்கு வந்து."

"நீங்க இருந்தேளே மாமி, நீங்க சொல்லலையே" என்றாள்.

அது எனக்கு வேண்டியதுதான். கொஞ்ச நேரம் இருவரும் முருங்கைக்கீரை ஆய்ந்தோம். பிறகு அவள் சொன்னாள்: "ஆவணிக்குள்ள எனக்கு ஒண்ணு தெரியணும். நான் திரும்பிப் போய்ப் பரீட்சை எழுதறதா, இல்லையா. இல்லைன்னா இல்லைன்னு அவரே என்கிட்ட சொல்லட்டும். அப்பாகிட்ட சொல்லி அப்பா என்கிட்ட சொல்றது வேண்டாம். அதுக்கப்புறம் நான் என்ன செய்யறதுன்னு நான் பாத்துக்கறேன்." அந்தக் கடைசி வாக்கியத்தை நீ அலட்சியமாகத் தாண்டிப் போகாதே. அவள் மிரட்டவில்லை, எனக்குக் கணிதம் தெரியாது, ஆனாலும் ஒரு பெண் கணக்குப் போட்டுப் பார்க்கிறாள் என்பது தெரியும். விடை இன்னும் அவளுக்கே வரவில்லை. வருவதற்குள் நீ ஏதாவது செய்ய வேண்டும் என்பதற்காகத்தான் இந்தக் கடிதம்.

உன் காரணம் பாதுகாப்பு. அது பொய்க்காரணம் என்று நான் சொல்லவில்லை. துறைமுகப் பட்டணம், கோட்டை, மதில், முற்றுகை என்ற பேச்சை நீ எடுத்தாய். அதைப் பற்றி உன்னைவிட எனக்குக் கொஞ்சம் அதிகம் தெரியும். நான் சரித்திரம் படித்துப் பட்டம் வாங்கியவள் என்பதை நம் வீட்டில் ஊறுகாய் பாட்டிலைத் திறக்க முடியாதபோது மட்டும்தான் நினைவுபடுத்துவார்கள்: "பி.ஏ. படிச்ச கை, திறக்கலையே" என்று. ஆகவே இந்த ஒருமுறை நான் படித்ததைப் பயன்படுத்திக்கொள்கிறேன். பொறுமையாகப் படி.

நான் பிறந்த ஊர் கடலூர் என்பது உனக்குத் தெரியும். உனக்கு எட்டு வயதாக இருக்கும்போது, என் பிறந்த வீட்டுக்குப் போயிருந்த சமயம், கெடிலம் ஆறு கடலோடு சேரும் இடத்துக்கு உன்னையும் உன் அப்பாவையும் அழைத்துப்போனேன். அங்கே இங்கிலீஷ்காரர்களின் பழைய கோட்டை இருக்கிறது என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தேன். நீ மலைக்கோட்டையைப் பார்த்து வளர்ந்தவன். கோட்டை என்றால் அண்ணாந்து பார்க்க வேண்டும் என்று நினைத்திருந்தாய். ஆற்றோரம் மணல்மேடு, முள், இடிந்த செங்கல் வரிசை. "கோட்டை எங்கேம்மா?" என்று கேட்டாய். "நீ அதுமேலதான்டா நிக்கறே" என்றேன். நீ காலைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "ஏமாத்தறே" என்று அழுதாய். உன் அப்பா, "குழந்தை கேக்கறது நியாயம்தானே, கோட்டைன்னு கூட்டிண்டு வந்து குப்பைமேட்டைக் காட்டினா" என்று உன் கட்சி பேசினார். அன்று உனக்குச் சொல்ல முடியாத கதையை இன்று சொல்கிறேன்.

அந்தக் கோட்டை கட்டியபோது இங்கிலீஷ்காரர்களுடையது அல்ல. யாரோ ஒரு வியாபாரி கட்டியது என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். பிறகு அது செஞ்சியை ஆண்ட மராட்டியர் கையில் இருந்தது. அவர்களிடமிருந்து இங்கிலீஷ் கம்பெனி அதை விலைக்கு வாங்கியது. வாங்கிய விதம்தான் வேடிக்கை. கோட்டையும், அதைச் சுற்றிப் பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம் வரையுள்ள நிலமும் கம்பெனிக்கு என்று ஒப்பந்தம். எந்தப் பீரங்கி என்று எழுதவில்லை. கம்பெனிக்காரர்கள் இருப்பதிலேயே நல்ல பீரங்கியையும், அதைவிட நல்ல பீரங்கிக்காரனையும் தருவித்தார்கள். நான்கு திக்கிலும் சுட்டார்கள். குண்டு எங்கெங்கே விழுந்ததோ அங்கெல்லாம் எல்லை. இடையில் இருந்த கிராமங்களுக்கு இன்றும் குண்டுக் கிராமங்கள் என்றுதான் பெயர். என் தகப்பனாரின் நிலம் அப்படிப்பட்ட ஒரு கிராமத்தில் இருந்தது. உன் அப்பா கல்யாணமான புதிதில் இதைத் தெரிந்துகொண்டு, "உங்க ஊருக்கு அந்தக் குண்டு வந்ததோட சரி, திரும்பிப் போகலை. உன் வாயிலதான் இருக்கு" என்று சொல்லித் தன் தங்கைகளைச் சிரிக்கவைத்தார்.

நான் காலேஜில் இதைப் படித்தபோது கெட்டிக்காரத்தனமான வியாபாரம் என்றுதான் எண்ணினேன். வகுப்பில் எல்லோரும் சிரித்தோம். பின்னால் ஒருநாள் தோன்றியது: அன்று காலை அந்தக் கிராமத்தில் ஒருவன் நாற்று நட்டுக்கொண்டிருந்திருப்பான். ஒரு சத்தம் கேட்டிருக்கும். வயலில் ஒரு இரும்பு உருண்டை வந்து விழுந்திருக்கும். அவன் யாருடைய குடி என்பது அந்தக் கணத்தில் மாறிவிட்டது. அவனுக்குச் சொல்லக்கூட யாரும் வரவில்லை. விற்றவனுக்குத் தெரியும், வாங்கியவனுக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை நம் கூடத்தில் நீயும் அவள் அப்பாவும் பேசிக்கொண்டிருந்தபோது எனக்கு அந்த நாற்று நட்டவன் ஞாபகம்தான் வந்தது. ஆனாலும் நான் அடுப்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆவணிக் கல்யாணத்துக்கு நானும் அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பதைச் சேர்த்து எழுதிவிடுகிறேன். அதை அவளிடம் சொல்லியாயிற்று.

மேலே கேள். கோட்டை வாங்கி அரை நூற்றாண்டுக்கு மேல் ஆனபிறகு பிரெஞ்சுக்காரர்கள் சென்னைப் பட்டணத்தைப் பிடித்தார்கள். அங்கேயும் கடலைப் பார்த்துக்கொண்டு பெரிய கோட்டை இருந்தது. அது சில நாள்கூடத் தாங்கவில்லை. தப்பியவர்கள் கடலூருக்கு ஓடிவந்தார்கள். இந்தப் பங்குனியில் பத்மா வீட்டார் இங்கே வந்ததுபோல என்று வைத்துக்கொள். சில வருஷம் கெடிலக்கரைக் கோட்டைதான் கம்பெனியின் தலைமை இடமாக இருந்தது. பட்டணத்தைவிடச் சின்னக் கோட்டை. ஆனால் பிரெஞ்சுக்காரர்கள் அப்போது எத்தனை முறை முயன்றும் அது விழவில்லை. ஏன் என்று எங்கள் பேராசிரியர் கேட்டார். மதில் பலம் என்று எழுதினேன். நல்ல மதிப்பெண் கொடுத்தார். அவருக்கும் தெரியவில்லை என்று அர்த்தம்.

பின்னால் நானாக உட்கார்ந்து படித்தபோது தெரிந்தது. ஒவ்வொரு முறையும் காப்பாற்றியது மதிலுக்கு வெளியே நடந்த காரியம். ஒருமுறை நவாபின் குதிரைப்படை வெளியிலிருந்து வந்தது. ஆற்றைக் கடந்த களைப்பில் ஒரு தோட்டத்தில் சமையலுக்கு ஏற்பாடு செய்துகொண்டிருந்த பிரெஞ்சுக்காரர்கள்மேல் பாய்ந்தது. இன்னொரு முறை கடலில் இங்கிலீஷ் கப்பல் தெரிந்தது. மற்றொரு முறை, கடலூர் ஊரைக் காலி செய்துவிட்டுக் கோட்டைக்குள் போவதுபோலப் இங்கிலீஷ்காரர்கள் பகலெல்லாம் சாமான்களை ஏற்றிப் போக்குக் காட்டினார்கள். இருட்டியதும் ஊருக்குத் திரும்பி வந்து காத்திருந்தார்கள். காலியான ஊர் என்று ஏணியோடு வந்தவர்கள் அடி வாங்கிக்கொண்டு போனார்கள். போகவர வழி இருந்த வரையில், வெளியே சிநேகிதர்கள் இருந்த வரையில், அந்தச் சின்னக் கோட்டை கோட்டையாக இருந்தது.

இங்கே நீ இடைமறிப்பாய் என்று எனக்குத் தெரியும். 'கடலூர்க் கதை வேறு, ஸ்ரீரங்கம் வேறு. ரெண்டு ஆறு, ஏழு மதில்' என்பாய். ஸ்ரீரங்கத்துக்காரர்களுக்கு இது ஒரு வியாதி. எதைக் கொடுத்தாலும் நடுவில் ஒன்றை வைத்துச் சுற்றிலும் ஏழு சுற்று மதில் எழுப்பித்தான் உங்களுக்கு நினைக்கத் தெரியும். நடுவில் இருப்பது பெருமாளாக இருந்தால் சரி; அவர் எங்கும் பரீட்சை எழுதப் போக வேண்டியதில்லை. சில வருஷம் கழித்து அவர்களுடைய அடுத்த யுத்தத்தில் இந்த ஊர் என்ன பட்டது என்று கேள். பிரெஞ்சுக்காரர்களும் அவர்களுடைய கூட்டாளிகளும் திருச்சிராப்பள்ளியைப் பிடிக்க வந்து, தங்குவதற்கு ஸ்ரீரங்கத்தைப்போலப் பத்திரமான இடம் வேறில்லை என்று இந்த மதில்களுக்குள்தான் புகுந்தார்கள். இரண்டு ஆறு, ஏழு மதில் என்று உன்னைப்போலவே எண்ணினார்கள். இங்கிலீஷ்காரர்கள் வெளியே வழிகளை மறித்தார்கள். அவ்வளவுதான். உணவு வரவில்லை, உதவி வரவில்லை, உள்ளே இருந்தவர்கள் ஆயுதத்தைக் கீழே வைத்துவிட்டு வெளியே வந்தார்கள். மதிலில் ஒரு கல் பெயரவில்லை. இன்றைக்கும் கல் அப்படியேதான் இருக்கிறது. நீ கோயிலுக்குப் போகும்போது தொட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

பழங்கதை வேண்டாம் என்றால் சித்திரைக் கதையைச் சொல்கிறேன். பட்டணம் காலியானதைப் பார்த்து நீ நம் கொல்லையில் பதுங்குகுழி தோண்டினாய். பொன்மலையிலிருந்து ஆள், கடப்பாரை, நீலக் காகிதத்தில் படம். நான் குறுக்கே வரவில்லை. என்ஜினீயர் தோண்டுகிறான் என்று பெருமையாகக்கூட இருந்தது. ஆள் உயர ஆழம், உள்ளே உட்காரப் பலகை, மேலே மணல் மூட்டை. உன் அப்பா கரையில் நின்று பார்த்துவிட்டு, "இதுக்குள்ள மடியா இருக்க முடியுமோடா?" என்று கேட்டார்.

"குண்டு விழறப்போ மடி என்னப்பா?" என்றாய்.

"சரி. குண்டு விழாட்டா?" என்றார்.

ஆனியில் மேட்டூர்த் தண்ணீர் காவேரிக்கு வந்தது. சில நாள் கழித்து ஒரு காலையில் துளசிக்குத் தண்ணீர் விடப் போனேன். குழிக்குள் பலகை மிதந்துகொண்டிருந்தது. மேலேயிருந்து ஒரு சொட்டு மழை இல்லை. எல்லாம் கீழேயிருந்து ஊறியது, ஸ்படிகம்போலத் தண்ணீர். உன் அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "நன்னாத்தான் தோண்டியிருக்கான். தெப்பம் விடலாம்" என்றார். ஆற்றில் தண்ணீர் வந்தால் கொல்லைக் கிணறு பொங்கும் என்பது இந்தத் தீவில் பிறந்த ஒவ்வொரு குழந்தைக்கும் தெரியும். கையாலேயே மொண்டு நீ விளையாடியிருக்கிறாய். ஆனால் நீ தோண்டிய மாதத்தில் ஆறு மணலாக இருந்தது. மண் பொலபொலவென்று உதிர்ந்தது. பயம் வந்த நாளில் கண்ணுக்குத் தெரிந்ததை வைத்துக்கொண்டு வருஷம் முழுவதுக்கும் திட்டம் போட்டாய். பட்டணம் இங்கே ஓடிவந்த அதே நாட்களில்தான் பத்மாவைப் பற்றியும் திட்டம் போட்டிருக்கிறாய் என்று நினைக்கிறேன். நல்லவேளையாக நமக்குக் குண்டு விழவில்லை. விழுந்திருந்தால் அவளை அந்தக் குழியில்தான் இறக்கியிருப்பாய்.

கெடிலக்கரைக் கோட்டைக்கும் இதேதான் நடந்தது. கெடிலம் மழைக்கால ஆறு. ஐப்பசியில் அது அகழி. வைகாசியில் பல இடங்களில் இறங்கி நடக்கலாம். கடைசி முற்றுகை கோடையில் வந்தது. இந்தமுறை உள்ளே இருந்தவர்கள் வெளியே எட்டிப் பார்க்கவில்லை. கப்பல் வரும் என்று காத்திருந்தார்கள். கப்பலால் வர முடியவில்லை. மதில்கள் முன்பைவிடப் பெரிதாகக் கட்டப்பட்டிருந்தன. அவற்றின்மேல் காவல் நிற்கத்தான் போதுமான ஆட்கள் இல்லை. குடிக்கத் தண்ணீரும் போதவில்லை என்று எழுதிவைத்திருக்கிறார்கள். சரணடைந்தார்கள். கோழைகள் என்று அப்போது பலர் ஏசினார்கள்; நானும் வெகுநாள் அப்படித்தான் எண்ணினேன். இப்போது எண்ணவில்லை. அவர்கள் பயந்தவர்கள் அல்ல, சுவரை நம்பியவர்கள். நம்பியதால் வேறு ஒன்றும் செய்யத் தோன்றவில்லை. பிடித்த பிரெஞ்சுக்காரர்கள் கோட்டையை இடித்துத் தள்ளினார்கள். அதன்மேல்தான் நீ நின்றுகொண்டு, கோட்டை எங்கே என்று கேட்டாய்.

அன்று உனக்கு நான் காட்ட மறந்த ஒன்று உண்டு. கோட்டைக்கு எதிரே ஆற்றின் அந்தப் பக்கம் கடலூர் இருந்தது. எந்த ஊரைக் காப்பதற்காக அந்தக் கோட்டையை வாங்கி, பெரிதாக்கி, அதற்காகச் செத்தார்களோ அந்த ஊர். கோட்டை போய்விட்டது. ஊருக்கு ஒன்றும் ஆகவில்லை என்று சொல்லமாட்டேன். கொள்ளை போயிற்று, கை மாறிற்று, பிறகும் சண்டை பார்த்தது. ஆனால் மீன் விற்றது, துணி விற்றது, பிள்ளை பெற்றது, என்னைப் பெற்றது. காவலுக்கு நின்றது மண்மேடாகிவிட்டது. காவல் இல்லாவிட்டால் அழிந்துவிடும் என்று நினைத்த ஊரில்தான் நாம் அன்று மாலை காப்பி சாப்பிட்டோம்.

ஆகவே மனைவியைக் காக்காதே என்று சொல்கிறேனா? இல்லை. உனக்கு அவளைப் பற்றிப் பயம் இருப்பது நல்லது. பயமே இல்லாதவன் மனைவி இருப்பதையே மறந்துவிடுவான், அந்த மாதிரியும் நம் தெருவில் உண்டு. ஆனால் அவளுக்கும் பயம் இருக்கிறது என்று அவளே சொன்னாள். ஒரே பயம் இரண்டு பேருக்கும் இருக்கும்போது ஒருவர் மட்டும் உட்கார்ந்து யோசிப்பது என்ன ஏற்பாடு? நீ என்ஜினீயர், அவள் உன்னைவிட நன்றாகக் கணக்குப் போடுகிறவள். ஹாஸ்டலில் இருப்பதா, பட்டணத்துக்கு வெளியே உறவினர் வீட்டிலிருந்து போய்வருவதா, நிலைமை மோசமானால் எந்த வண்டியில் கிளம்புவது, கல்யாணம் ஆவணியிலா பரீட்சை முடிந்தா, இதெல்லாம் இரண்டு பேர் சேர்ந்து போட வேண்டிய கணக்கு. விடை உன் விருப்பப்படியே வரலாம். அவளே ஸ்ரீரங்கத்தில் இருக்கிறேன் என்று சொல்லலாம். அப்போது நான் ஒரு வார்த்தை பேசமாட்டேன். இதை உன் அப்பாவிடம் படித்துக் காட்டினேன், இந்த இடத்தில் மட்டும், "இதை நம்பாதேன்னு அடியில ஒரு வரி எழுதட்டுமா?" என்றார்.

ஆவணி முகூர்த்தத்துக்கு லக்னப் பத்திரிகை எழுதுவதற்காக வரும் வாரம் அவர்கள் வீட்டில் கூடுவதாக ஏற்பாடு. வழக்கப்படி பிள்ளையைப் பெற்றவள் தட்டு எடுத்துக்கொண்டு போக வேண்டும். நான் போகப்போவதில்லை. கோபம் இல்லை, நீ இன்னும் கேட்க வேண்டியவளிடம் கேட்கவில்லை, ஆகவே எழுதுவதற்கு ஒன்றும் இல்லை. பத்மாவின் அப்பாவிடம் இதை நேரிலேயே சொல்லிவிட்டேன். "மாப்பிள்ளை என்ன நினைச்சுப்பாரோ" என்றார். "அதை மாப்பிள்ளை நினைச்சுக்கட்டும். உங்க பொண்ணு என்ன நினைக்கறான்னு கேட்டேளா?" என்றேன். அவர் உள்ளே திரும்பிப் பார்த்தார். இதுவரை திரும்பிப் பார்க்கும் வழக்கம் இல்லாதவருக்கு அது பெரிய காரியம்.

காலேஜில் பெயரைப் பதிவு செய்துகொள்ள அவள் நேரில் போக வேண்டும். பதிவு செய்தால் பரீட்சை எழுதலாம், எழுதாமலும் இருக்கலாம். பதிவு செய்யாவிட்டால் எழுதவே முடியாது. வழியை மூடிவிட்டு யோசிப்பதைவிடத் திறந்து வைத்துக்கொண்டு யோசிக்கலாம் என்று அவளிடம் சொன்னேன். வெள்ளிக்கிழமை பகல் வண்டியில் அவளும் நானும் பட்டணம் போகிறோம். காரியம் முடியும் வரை நான் கூட இருப்பேன். குண்டு விழுந்தால் என்மேலும் விழட்டும். எனக்கு ஐம்பத்தெட்டு வயதாகிறது, இடமும் அதிகம் அடைப்பதில்லை. உன் அப்பாவிடம் சொன்னபோது கொஞ்சம் யோசித்துவிட்டு, "நீ போறது சரி. சாத்தமுது யார் பண்ணுவா?" என்றார். "நீங்கதான்." "எனக்குத் தெரியாதே." "வெள்ளிக்கிழமைக்கு இன்னும் நாள் இருக்கு, சொல்லித்தரேன்" என்றேன். நேற்றே ஆரம்பித்துவிட்டோம். புளி கரைப்பதில் வக்கீல்தனம் செய்கிறார்.

நாங்கள் ஸ்ரீரங்கம் ஸ்டேஷனில் ஏறுகிறோம். வண்டி ஜங்ஷனிலிருந்தல்லவா புறப்படுகிறது? உனக்குப் பாஸ் இருக்கிறது. அங்கேயே ஏறிக்கொண்டாயானால், இந்தக் கூட்டத்தில் எங்கள் இரண்டு பேருக்கும் உட்கார இடம் பிடித்து வைக்கலாம். எனக்கு ஜன்னலோரம் வேண்டும். நான் வெளியே பார்த்துக்கொண்டு வருவேன், காதும் இப்போதெல்லாம் வேண்டியபோது மந்தமாகிவிடுகிறது. கேட்க வேண்டியதை அவளிடம் கேள். பிறகு வாயை மூடிக்கொண்டிரு. அவள் யோசித்துப் பதில் சொல்கிறவள். லால்குடியில் கேட்டால் அரியலூரில் சொல்வாள் என்று எண்ணாதே. விழுப்புரம் வரை வருவதாக லீவு எழுதிக் கொடுத்துவிட்டு வா.

அம்மா